பாலஸ்தீனப் பெண்களின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு

பாலஸ்தீனப் போராட்டத்தில் பெண்களின் பங்கைப் பற்றிக் கட்டுரை எழுதவோ, கூட்டத்தில் உரையாற்றவோ, ஆய்வேட்டுக்குக் குறிப்பெடுக்கவோ உட்காருகிறவர் முதல் நாளிலேயே மூன்று படங்களை எதிர்கொள்வார். இடிந்த வீட்டின் முன் கைகளை உயர்த்தி அழும் தாய் ஒன்று. தலையில் கெஃபியே என்ற கட்டம்போட்ட துணியைச் சுற்றி, கையில் துப்பாக்கியுடன் நிற்கும், விமானம் கடத்திய லைலா காலித் ஒன்று. பத்திரிகையாளர்களுக்கு நடுவே நிதானமாகப் பதில் சொல்லும் பாலஸ்தீனத் தரப்பின் பேச்சாளர் ஹனான் அஷ்ராவி ஒன்று. இந்த மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் முதன்முறை இதைப் பற்றிப் பேசப் போனபோது இவற்றை மட்டுமே வரிசையாக வைத்துப் பேசி முடித்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி, "மற்றப் பெண்கள் அந்த ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

வழி எளியது. எந்தப் பெண்ணைப் பற்றி, எந்த அமைப்பைப் பற்றி வாசித்தாலும் இரண்டு கேள்விகளைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் அன்றாடம் செய்த வேலை என்ன? அந்த வேலையைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் யார் இருந்தார்கள்? இவ்விரண்டுக்கும் விடை கிடைக்காத இடத்தில் வர்ணனையை நிரப்பாமல், மேலும் தேடுங்கள்.

1929இல் தொடங்குங்கள்

பலர், மக்கள் வீடிழந்த 1948இலிருந்தோ லைலா காலித் விமானம் கடத்திய 1969இலிருந்தோ கதையை ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால் பாலஸ்தீனப் பெண் இழப்பின் வழியாகவோ ஆயுதத்தின் வழியாகவோ மட்டுமே அரசியலுக்கு வந்தவர் என்ற எண்ணம் தானாக உருவாகிவிடும். நாடு ஆங்கிலேயரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1929 அக்டோபர் 26 அன்று, ஜெருசலேமில் முதலாவது அரபுப் பெண்கள் மாநாடு கூடியது. 200க்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த கலவரங்களும் அவற்றைத் தொடர்ந்த கைதுகளும் கூட்டுத் தண்டனைகளும் அவர்களை ஒன்றுகூட்டின. பாலஸ்தீனத்தில் யூதத் தாயகம் அமைய ஆங்கிலேய அரசு 1917இல் ஆதரவு அறிவித்த பால்ஃபர் பிரகடனத்தைத் திரும்பப் பெற வேண்டும், யூதக் குடியேற்றத்தை நிறுத்த வேண்டும், அரபுக் கைதிகளைக் காவல்துறை நடத்தும் முறை மாற வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேற்றி, ஒரு செயற்குழுவைத் தேர்ந்தெடுத்து, உயர் ஆணையரை நேரில் சந்தித்து மனுக் கொடுத்தார்கள். தெருவில் நடந்து ஊர்வலம் போவதற்கு ஆட்சியாளர்கள் இணங்காததால் கார்களில் ஏறி நகரைச் சுற்றி வந்து, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் தங்கள் கோரிக்கைகளைக் கொடுத்தார்கள்.

இந்த மாநாட்டைப் பற்றி எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கோரிக்கைகளின் பட்டியலில் பெண்களுக்கான தனிக் கோரிக்கை என்று ஒன்று முன்னிற்கவில்லை. நாட்டின் விடுதலைக்காகவே கூடினார்கள். அதனால் அது பெண்ணுரிமை இயக்கம் ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மாநாடு கூட்டுவது, தீர்மானம் எழுதுவது, ஆட்சியாளரின் மாளிகைக்குள் தாங்களே போய்ப் பேசுவது ஆகியவை அதற்கு முன் அந்தப் பெண்களுக்குத் திறக்காத கதவுகள். இரண்டாவது, இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே செயற்குழுவில் இருந்தார்கள். 1917இல் ஜெருசலேமைக் கைப்பற்றிய ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் அலன்பி 1933 ஏப்ரலில் அங்கே வந்தபோது நடந்த கண்டன ஊர்வலத்தில், கிறிஸ்தவரான மத்தீல் முகன்னம் உமர் பள்ளிவாசலிலும், இஸ்லாமியரான தரப் அப்துல் ஹாதி புனிதக் கல்லறைத் தேவாலயத்திலும் நின்று உரையாற்றினார்கள். அந்த இயக்கம் தன்னை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை எந்த விளக்கத்தைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி இது. உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு காட்சிக்குத்தான் இடமுண்டு என்றால் இதை வையுங்கள்.

மனு எழுதியவரும் மூட்டை சுமந்தவரும்

1929 மாநாட்டின் தலைவிகள் பெரும்பாலும் நகரத்து வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பள்ளிப் படிப்பும் அந்நிய மொழியறிவும் உள்ளவர்கள். கிராமத்துப் பெண்களின் போராட்டம் வேறு வடிவில் நடந்தது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக 1936 ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தமும், 1939 வரை தொடர்ந்த கிளர்ச்சியும் பெரும்பாலும் கிராமங்களின் தோள்மேல் நின்றன. மலையில் இருந்த போராளிகளுக்கு உணவும் தண்ணீரும் கொண்டுபோனவர்கள், ஆடைக்குள்ளும் விறகுக் கட்டுக்குள்ளும் ஆயுதத்தை மறைத்துக் கடத்தியவர்கள், படை வருவதைக் கண்டு முன்கூட்டியே எச்சரித்தவர்கள் பெண்கள். 1936 ஜூன் 26 அன்று வாதி அஸ்ஸூன் மோதலில் பாத்திமா கஸால் என்ற பெண் கொல்லப்பட்டார். அவர் பெயர் நமக்குக் கிடைத்தது அரிது. அவரைப் போன்ற பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இங்கே ஆதாரங்களைப் பயன்படுத்தும் முறை மாற வேண்டும். நகரத்துப் பெண்கள் மனுக்களையும் தந்திகளையும் புகைப்படங்களையும் விட்டுச் சென்றார்கள். ஆங்கிலேய அரசின் கோப்புகளில் அவை இருக்கின்றன. முகன்னம் 1937இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். கிராமத்துப் பெண்கள் விட்டுச் சென்றது நினைவுகளை. ஆகவே காகித ஆதாரத்தை மட்டும் நம்பி எழுதினால், நகரத்துச் சில குடும்பங்களின் வரலாறு நாட்டு வரலாறாகிவிடும். பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகம் பாலஸ்தீன அகதிகளின் வாய்மொழிச் சாட்சியங்களை ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பீர்ஸெய்த் நகரில் 2016இல் திறக்கப்பட்ட பாலஸ்தீன அருங்காட்சியகத்தின் மின்னாவணகத்தில் குடும்பப் படங்களும் கடிதங்களும் அமைப்புகளின் காகிதங்களும் உள்ளன. இவற்றைத் தேடும்போது அமைப்பின் பெயரை விட்டு, ஊரின் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள். கிராமத்துப் பெண்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

வாய்மொழிச் சாட்சியத்தைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். "நான் ஒன்றும் செய்யவில்லை, சோறுதான் கொண்டுபோனேன்" என்று சொல்லுகிற பெண் தன் பங்கைச் சிறியதாகவே சொல்லப் பழகியவர். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது, எத்தனை பேருக்கு, எந்த வழியாக, பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால், அது ஒரு படையின் வழங்கல் பிரிவு செய்யும் வேலை என்பது புலப்படும்.

இஸ்ரேல் உருவான 1948இல், பாலஸ்தீனர் நக்பா (பேரழிவு) என்று அழைக்கும் வெளியேற்றத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்த பிறகு இந்த வேலையின் உருவம் மாறியது. தேர் யாசீன் கிராமத்தில் ஏப்ரல் மாதம் நடந்த படுகொலைக்குப் பின் ஜெருசலேம் தெருவில் ஆதரவற்று நின்ற 55 குழந்தைகளைக் கண்ட ஹிந்த் அல் ஹுசைனி, அவர்களை அழைத்துப் போய்த் தங்க வைத்தார். தாருத் திஃப்ல் அல் அரபி என்ற இல்லமும் பள்ளியும் அதிலிருந்து பிறந்தன. இதைத் தொண்டு என்ற தலைப்பில் வைத்து அரசியல் அத்தியாயத்திலிருந்து நீக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. சிதறடிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் குழந்தைகளைச் சிதறாமல் வைத்ததை அரசியல் இல்லை என்று எப்படிச் சொல்வது? பாலஸ்தீனர் இதற்குச் 'சுமூத்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். இருக்கும் இடத்தை விட்டுப் பெயராமல் நிலைத்து நிற்பது என்று அதன் பொருளை விரித்துச் சொல்லலாம்.

அமைப்புகளைக் கொடிவழிபோல் வரைந்துகொள்ளுங்கள்

இந்த வரலாற்றில் புதியவர்கள் தடுமாறும் இடம் அமைப்புகளின் பெயர்கள். ஒரு பெரிய தாளில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் பெண்கள் அமைப்பையும், அதற்கு எதிரே அது எந்தக் கட்சியோடு சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கம் 1964இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் அங்கமாகப் பாலஸ்தீனப் பெண்கள் பொதுச் சங்கம் உருவானது. நப்லுஸைச் சேர்ந்த இஸாம் அப்துல் ஹாதி அதன் தலைவியானார். 1967இல் மேற்குக் கரையையும் காஸாவையும் ஆக்கிரமித்த இஸ்ரேல் அவரை 1969இல் நாடு கடத்தியது. அதே 1965இல் அல் பீரேயில் சமீஹா கலீல் இன்ஆஷ் அல் உஸ்ரா என்ற சங்கத்தைத் தொடங்கி, பூத்தையல், உணவு தயாரிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றின் வழியாகப் பெண்களின் கையில் வருமானம் சேர வழி செய்தார். சங்கத்தை 1988இல் மூடும்படி இஸ்ரேலிய ராணுவம் உத்தரவிட்டது. பூத்தையல் கூடத்தை ஏன் ஒரு ராணுவம் மூடுகிறது என்ற கேள்வியை உங்கள் வாசகர் முன் அப்படியே வைக்கலாம்.

1978 மார்ச் 8 அன்று ரமல்லாவில் பெண்கள் வேலைக் குழு தோன்றியபோது புதிய தலைமுறை உள்ளே வந்தது. இவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நகரத்து அலுவலகத்தில் காத்திருக்காமல் கிராமங்களுக்கும் முகாம்களுக்கும் போய்க் குழந்தைகள் காப்பகமும் எழுத்தறிவு வகுப்பும் நடத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த ஒரு குழு நான்காகிவிட்டது. ஜனநாயக முன்னணி, கம்யூனிஸ்டுகள், மக்கள் முன்னணி, யாசர் அரஃபாத்தின் ஃபத்தா என்று ஒவ்வொரு அரசியல் போக்குக்கும் ஒன்று. இந்தப் பிளவைச் சுருக்கமாகக் கடந்து போகாதீர்கள். அது பலவீனம் மட்டும் இல்லை. போட்டியினால் நான்கு குழுக்களும் முன்பு யாரும் போகாத ஊர்களுக்குப் போயின. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை இங்கே கேட்டால், முடிவெடுக்கும் நாற்காலி பெரும்பாலும் ஆண்களே நிறைந்த கட்சித் தலைமையிடம் இருந்தது தெரியவரும்.

இந்தத் தாளில் எழுதத் தவறக் கூடாத இன்னொரு வரி: 1976. அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த நகராட்சித் தேர்தலில்தான் மேற்குக் கரைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது ஆக்கிரமிப்பு ராணுவ நிர்வாகம். முடிவோ, விடுதலை இயக்கத்தை ஆதரித்த வேட்பாளர்களுக்கு வெற்றி. வாக்குரிமையைக் கொடுத்தவர் யார் என்பதோடு நிறுத்திவிட்டால் ஆக்கிரமிப்புக்குப் புகழ் பாடியதாகும். அதை மறைத்துவிட்டால் உண்மையைக் குறைத்ததாகும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

இன்திஃபாதாவை ஓர் ஆடையின் வழியாகப் பாருங்கள்

1987 டிசம்பரில் ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சியாகத் தொடங்கிய முதல் இன்திஃபாதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்லெறியும் சிறுவர்களோடு நின்றுவிடுகிறார்கள். நானாக இருந்தால் ஓர் ஆடையை எடுத்து மேசையில் விரிப்பேன்.

தத்ரீஸ் என்பது பாலஸ்தீனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குறுக்குத் தையல் பூவேலை. 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோப் எனப்படும் நீண்ட அங்கியின் மார்புப் பகுதியிலும் ஓரங்களிலும் அமையும் வடிவத்தைப் பார்த்தே, அணிந்திருப்பவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியும். 1967க்குப் பின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியைப் பொது இடத்தில் ஏற்றுவது குற்றமாக இருந்தது. இன்திஃபாதா ஆண்டுகளில் பெண்கள் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு நூல்களைக் கொண்டு கொடியையும், நாட்டின் வரைபடத்தையும், ஜெருசலேமின் குவிமாடத்தையும் தங்கள் தோப் மீதே தைத்துக்கொண்டார்கள். கம்பத்தில் ஏற்றிய கொடியைச் சிப்பாய் இறக்கிவிடலாம். ஒரு பெண் அணிந்திருக்கும் ஆடையை அவர் எப்படிக் கழற்ற முடியும்? கிராமத்தின் வடிவம் இருந்த இடத்துக்கு நாட்டின் வடிவம் வந்து சேர்ந்ததையும் கவனியுங்கள். ஊரை இழந்தவர்களின் ஆடை நாட்டை அணிந்துகொண்டது. அருங்காட்சியகத்தின் மின்னாவணகத்தில் இத்தகைய ஆடையின் படம் ஒன்றைப் பெரிதாக்கி, தையலை வரிசை வரிசையாகப் பார்த்துக் குறிப்பெடுங்கள். துணியில் இவ்வளவு எழுதப்பட்டிருக்கும்போது காகித ஆதாரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகளின் அன்றாட வேலை, ஊர்தோறும் மக்களே அமைத்துக்கொண்ட மக்கள் குழுக்களில் நடந்தது. ராணுவம் பள்ளிகளை மூடியபோது வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் வகுப்பு நடத்தினார்கள். இஸ்ரேலியப் பொருட்களைப் புறக்கணித்தபோது வீட்டுத் தோட்டம் போட்டு, பழச்சாறும் ஊறுகாயும் தயாரித்து விற்கும் கூட்டுறவுகளை நடத்தினார்கள். காயமடைந்தோருக்கு முதலுதவி செய்தார்கள். சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் பொருள் சேர்த்தார்கள். 1978 முதல் ஊர் ஊராகப் போய்க் கட்டிய பெண்கள் குழுக்கள் அங்கே தயாராக இருந்ததால்தான் இவ்வளவும் சில வாரங்களில் நடந்தது. 1988 ஆகஸ்டில் இஸ்ரேல் மக்கள் குழுக்களைத் தடை செய்தது. வகுப்பு எடுப்பதும் அப்போது சிறைக்கு அனுப்பக்கூடிய செயலாயிற்று.

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்

அதே 1988இல் வெளியான இரண்டு ஆவணங்கள் இந்தத் துறையில் எழுதுகிறவருக்குக் கிடைத்த நல்ல பயிற்சி. ஒன்று ஆகஸ்டில் வெளிவந்த, இஸ்லாமிய இயக்கமான ஹமாஸின் சாசனம். மற்றொன்று நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் நாடாளுமன்றம் போன்ற பாலஸ்தீன தேசிய மன்றம் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம்; அதை எழுதியவர் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ்.

ஹமாஸ் சாசனம் விடுதலைப் போரில் பெண்ணின் பங்கு ஆணின் பங்குக்குக் குறைந்ததில்லை என்று தொடங்கி, உடனே அவளை ஆண்களை உருவாக்குகிறவள் என்று வரையறுத்து, வீட்டையும் பிள்ளை வளர்ப்பையும் நோக்கித் திருப்பிவிடுகிறது. விடுதலைப் பிரகடனமோ ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பாகுபாடு இல்லாத நாடு அமையும் என்று உறுதியளிக்கிறது. இவ்வளவோடு நிறுத்தினால் மதம் சார்ந்தவர்கள் ஒரு பக்கம், சாராதவர்கள் மறு பக்கம் என்று எளிதாகக் கோடு போட்டுவிடலாம். பிரகடனத்தின் இறுதிப் பகுதிக்கு வாருங்கள். அங்கே பாலஸ்தீனப் பெண்ணை வாழ்வையும் அணையாத் தீயையும் காப்பவள் என்று வணங்குகிறது. காப்பவள் என்பது உயர்ந்த சொல்தான். ஆனால் தீயைக் காப்பவள் அடுப்பை விட்டு நகர முடியாது. சமத்துவம் ஒரு பத்தியில் உரிமையாகவும், இன்னொரு பத்தியில் பெண் உருவகமாகவும் இருப்பதை உங்கள் வாசகர்கள் தாங்களே பார்க்கும்படி இரண்டு பத்திகளையும் எடுத்துக் காட்டுங்கள். இதனால் பிரகடனத்தின் பெருமை குறைந்துவிடும் என்று தயங்க வேண்டாம். பாலஸ்தீனப் பெண் ஆய்வாளர்களே இந்த விமர்சனத்தை வைத்திருக்கிறார்கள்.

ஆயுதம் ஏந்தியவர்களைப் பற்றி

இந்தப் பகுதியை எழுதும்போது மொழி நிதானமாக இருக்க வேண்டும். வீரகாவியமாக எழுதுகிறவர்களும், மூளைச் சலவை செய்யப்பட்டவர்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்குகிறவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இருவருமே அந்தப் பெண் அரசியல் முடிவு எடுத்தவர் என்பதை மறுக்கிறார்கள்.

என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லுங்கள். 1967இல் ஜெருசலேமின் திரையரங்கு ஒன்றில் வெடிகுண்டு வைத்ததற்காகச் சிறை சென்ற பாத்திமா பர்னாவி பத்தாண்டுகளுக்குப் பின் விடுதலையாகி, பிற்காலத்தில் காஸாவில் பெண் காவலர் பிரிவுக்குத் தலைமை வகித்தார். லைலா காலித் 1969 ஆகஸ்ட் 29 அன்று ஒரு விமானத்தைக் கடத்தினார், 1970 செப்டம்பர் 6 அன்று இன்னொன்றைக் கடத்த முனைந்தார்; இரண்டுக்கும் இடையில் முகம் தெரிந்துவிட்டதால் அறுவை சிகிச்சை செய்து முகத்தை மாற்றிக்கொண்டார். உலகம் முழுதும் பரவிய அந்தப் படத்தையே வெறுத்ததால் எடுத்த முடிவுபோல் அது இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் பெண்கள் சங்கத்திலும் தேசிய மன்றத்திலும் செய்த வேலையைப் பற்றி எழுதுவோர் குறைவு. 1978 மார்ச்சில் தலால் முக்ரபி தலைமையில் நடந்த தாக்குதலில் குழந்தைகள் உட்பட 30க்கும் மேற்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 2002 ஜனவரியில் வஃபா இத்ரீஸ் ஜெருசலேமில் குண்டை வெடிக்கச் செய்து தானும் இறந்தார். பலியானவர்களைச் சொல்லாமல் தாக்கியவரின் கதையை எழுதாதீர்கள். அதே போல, ஆயுதம் ஏந்தியவர்கள் இந்த வரலாற்றில் சிறு தொகையினர் என்பதை அளவிலேயே காட்டுங்கள். பத்துப் பக்கக் கட்டுரையில் எட்டுப் பக்கம் அவர்களுக்குப் போய்விட்டால் விகிதம் கெட்டுவிடும்.

சிறையைத் தனியாக எழுதுங்கள். 2006இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான காலிதா ஜர்ரார், எரிகோவுக்குப் போகுமாறு 2014இல் வந்த ராணுவ உத்தரவை ஏற்க மறுத்தவர். அடுத்த ஆண்டு முதல் பலமுறை கைதானார். அதில் ஒரு பகுதி குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாத நிர்வாகக் காவல். உள்ளே அவர் இளம் கைதிகளைப் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தயார் செய்தார். 2021 ஜூலையில் மகள் இறந்தபோது அடக்கத்துக்குப் போக அனுமதி மறுக்கப்பட்டது. 1988இல் வீட்டு வகுப்பு நடத்திய பெண்களுக்கும் சிறை அறையில் பாடம் சொன்ன இவருக்கும் இடையே ஓடும் நூலை விட்டுவிடாதீர்கள்.

இருக்கைகளை எண்ணுங்கள்

பேச்சுவார்த்தை மேசையில் பெண் இருந்தார் என்று எழுதும்போது எந்த மேசை என்று பாருங்கள். 1991 மத்ரீத் அமைதி மாநாட்டில் ஹனான் அஷ்ராவிதான் பாலஸ்தீனக் குழுவின் குரல். உலகத் தொலைக்காட்சிகளில் அவர் முகம் நிறைந்திருந்தது. இஸ்ரேலோடு செய்த 1993 உடன்படிக்கையை உருவாக்கிய ஓஸ்லோ ரகசியப் பேச்சு நடந்த அறையில் அவர் இல்லை.

தேர்தலில் எண்ணுவது எளிது. 1996இல் பாலஸ்தீனச் சட்டமன்றத்தின் 88 இடங்களில் 5 பெண்கள். அதே ஆண்டு அதிபர் தேர்தலில் யாசர் அரஃபாத்தை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர், மேலே சொன்ன பூத்தையல் சங்கத்தின் சமீஹா கலீல். 2006இல் 132 இடங்களில் 17 பெண்கள். இந்த உயர்வு எப்படி வந்தது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். 66 இடங்கள் தொகுதிகளுக்கு, 66 இடங்கள் கட்சிப் பட்டியல்களுக்கு. பட்டியலில் முதல் மூன்று பெயரில் ஒரு பெண், அடுத்த நான்கில் ஒரு பெண், அதன்பின் ஒவ்வோர் ஐந்திலும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. ஹமாஸின் பட்டியல் 29 இடங்கள் வென்றது. விதிப்படி எண்ணிப் பார்த்தால் அதில் குறைந்தது 6 பெண்கள் வர வேண்டும், 6 பேரே வந்தார்கள். ஃபத்தாவின் பட்டியலில் 28க்கு 8 பேர். தொகுதிகளில் நேரடியாக நின்று வென்ற பெண் ஒருவரும் இல்லை. இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த மன்றத்தில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்பதற்குத் தொகுதி முடிவே விடை.

ஹமாஸின் பெண்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான ஜமீலா அல் ஷன்டி, 2006 நவம்பரில் பெய்த் ஹானூனில் முற்றுகையிடப்பட்ட பள்ளிவாசலை நோக்கிப் பெண்களைத் திரட்டிச் சென்றார். அந்த ஊர்வலத்தில் இரண்டு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவரும் 2023 அக்டோபரில் காஸாவில் கொல்லப்பட்டார். அவர்கள் பேசிய பெண்ணின் இடம் உங்களுக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். அவர்கள் தெருவில் நின்றது நடந்த செய்தி.

வீட்டுக்குள் நடக்கும் போராட்டம்

முதலில் மண், மற்றவை பிறகு என்ற வாதம் பாலஸ்தீனப் பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே நீண்ட காலம் ஓடியது. ஓஸ்லோவுக்குப் பின் அது வலுவிழந்தது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் மேற்குக் கரையில் ஜோர்தான் வழிவந்த சட்டமும், காஸாவில் எகிப்து ஆட்சிக் காலச் சட்டமும் நீடிப்பதைப் பெண்கள் கேள்விக்குள்ளாக்கி, 1998இல் மாதிரி நாடாளுமன்றம் ஒன்றை நடத்திச் சட்டங்களை ஒவ்வொன்றாக விவாதித்தார்கள். பாலஸ்தீனம் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 2014இல் எந்த விலக்கும் கோராமல் சேர்ந்தது. திருமண வயது 2019இல் 18 ஆக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெத்லஹேம் அருகே ஓர் இளம்பெண் குடும்பத்தாரால் கொல்லப்பட்டதாக எழுந்த கொதிப்பில், செப்டம்பரில் தாலிஆத் என்ற இயக்கம் ஒரே நாளில் பல நகரங்களிலும் அகதி முகாம்களிலும் தெருவுக்கு வந்தது. பெண்கள் விடுதலை பெறாமல் தாயகம் விடுதலை பெறாது என்பதே அவர்கள் முழக்கம். 1929இல் பிரிக்கப்படாமல் இருந்த இரண்டையும் இவர்கள் வேறு வழியில் மறுபடி சேர்த்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

எழுதி முடிக்கும் முன்

பெயர்களைச் சரிபாருங்கள். உம்மு என்று தொடங்கும் பெயர்கள் மூத்த பிள்ளையின் பெயரால் தாயை மரியாதையாக அழைக்கும் வழக்கம். உம்மு கலீல் என்றால் சமீஹா கலீல், உம்மு ஜிஹாத் என்றால் ஃபத்தாவின் முதல் பெண் உறுப்பினரும் பின்னாளில் சமூகநல அமைச்சருமான இன்திஸார் அல் வஸீர். ஒரே பெண்ணை இரண்டு பெயர்களில் எழுதி இருவராக்கிவிட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டுரை முழுதும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். ஷஹீத் என்ற அரபுச் சொல்லைத் தியாகி என்று மொழிபெயர்ப்பதா, கொல்லப்பட்டவர் என்று எழுதுவதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாலஸ்தீனர் அதைப் போராளிக்கும், வீட்டில் இருக்கையில் குண்டு விழுந்து இறந்த குழந்தைக்கும் சேர்த்தே வழங்குகிறார்கள் என்பதை ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

பொதுவாழ்வில் இல்லாத பெண்ணின் சாட்சியத்தைப் பயன்படுத்தினால் பெயரையும் ஊரையும் மறைத்துவிடுங்கள். இணையத்தில் தமிழில் எழுதியதும் சில நொடிகளில் வேறு மொழிக்கு மாறிவிடுகிறது, அங்கே வாழ்கிறவருக்கு அதனால் சோதனைச் சாவடியில் தொல்லை வரலாம். இன்று உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய வாக்கியங்களை வெளியிடும் நாளன்று மறுபடி பாருங்கள். காலிதா ஜர்ரார் 2023 டிசம்பரில் மீண்டும் கைதாகி, 2025 ஜனவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். இடைப்பட்ட மாதங்களில் வெளியான பழைய குறிப்பைப் பார்த்து எழுதினால் அவர் இன்னும் சிறையில் இருப்பார். எந்த நாள் வரையிலான செய்தி என்பதைக் கட்டுரையின் அடியில் தேதியிட்டுக் குறித்துவிடுங்கள்.